டயர் மினுக்கியல்: திருவனந்தபுரத்துச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்

கரமனையிலிருந்து பாப்பனங்கோடு, நேமம் வழியாகக் களியக்காவிளைக்குப் போகும் சாலையில், கார் கழுவும் இடம் எதற்குள் நுழைந்தாலும் வேலை முடிகிற நேரத்தில் ஒரு கேள்வி வரும்: “டயர் பாலிஷ் அடிக்கணோ, சாரே?” சாலைக் கடைவீதியின் தமிழ் வியாபாரி முதல் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் நாகர்கோவில்காரர் வரை அனைவரும் யோசிக்காமல் தலையாட்டுகிறார்கள். எதைப் பூசுகிறார்கள், எதற்குப் பூசுகிறார்கள், பூசியது எத்தனை நாள் நிற்கும், நிற்காதது எங்கே போகும் என்ற நான்கு வினாக்களுக்கும் விடை காண்பதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வு எல்லை

நான்கு சக்கர வாகனத்தின் டயர்ப் பக்கச்சுவர் மட்டும். ஸ்டெப்னி வெளிச்சத்துக்கு வராத பிறவியாதலின் விலக்கப்பட்டது.

முந்தைய ஆய்வுகள்

கழுவுமிடத்துப் பையன்கள் வாய்மொழியாகச் சொல்லிவருவன. அவை ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்பதால் நம்பகமான மரபு என்றே கொள்ளலாம்.

ஆய்வுக் களம்

டயரை ஆராயத் திருவனந்தபுரம் எதற்கு, கோட்டயம் போதாதா என்று ஒரு சாரார் கேட்பர். ரப்பர் வாரியம் கோட்டயத்தில்தான் இருக்கிறது. நாட்டின் முதல் வணிக ரப்பர்த் தோட்டமும் 1902-ல் பெரியாற்றங்கரையில், தட்டேக்காட்டில் போடப்பட்டது. மறுக்கவில்லை. ஆனால் அதெல்லாம் ரப்பரின் பிறந்தகம். வளர்ந்து ஆளான ரப்பர் என்ன உத்தியோகம் பார்க்கிறது என்று அறியத் தலைநகருக்குத்தான் வரவேண்டும்.

பேரூர்க்கடையில் இந்துஸ்தான் லேடெக்ஸ் ஆலை 1969 முதல் ரப்பர்ப் பாலில் ஆணுறை செய்துவருகிறது. தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் எச்டிபிபி என்ற செயற்கை ரப்பரில் அலுமினியப் பொடியையும் அம்மோனியம் பெர்குளோரேட்டையும் குழைத்துக் கெட்டிப்படுத்தி ராக்கெட்டின் எரிபொருளாக்கியது. பிஎஸ்எல்வியின் முதல் அடுக்கில் மட்டும் இந்தக் கலவை 138 டன். ஒன்று வருவதைத் தடுக்கிறது, மற்றது போவதை விரைவுபடுத்துகிறது. வந்தபின் போகவும் முடியாமல் உள்ளூர் சந்திப்பில் நின்றுகொண்டிருக்கும் மூன்றாவது ரப்பரே இக்கட்டுரையின் தலைவன்.

தட்பவெப்பமும் இந்நகரை இவ்வாய்வுக்குப் பொருத்தமாக்குகிறது. எட்டரைப் பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் வெயில் நேர் உச்சியில் இறங்கும். இடவப்பாதி என்றும் துலாவர்ஷம் என்றும் ஆண்டுக்கு இருமுறை மழை. இடைப்பட்ட காலத்துக்குச் செம்மண். மினுக்கின் பகைவர் மூவரும் ஒரே ஊரில் குடியிருக்கும் வாய்ப்பு எல்லா ஆய்வாளருக்கும் கிடைப்பதில்லை.

கருமையின் வரலாறு

டயர் கறுப்பு என்பது பிற்காலக் கொள்கை. மரத்திலிருந்து வடியும் ரப்பர் வெள்ளை. தொடக்ககால டயர்களும் வெளிறிய நிறத்தில்தான் இருந்தன. 1898-ல் பிறந்த மிஷலின் நிறுவனத்து டயர்ப் பொம்மை இன்றும் வெள்ளையாக நிற்பது அதன் மிச்சம். இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டு வாக்கில் கார்பன் பிளாக் எனும் நுண்கரியைக் கலந்தால் டயரின் உழைப்பு பலமடங்கு கூடுகிறது என்பது பரவியது. அன்றுமுதல் உலகத்து டயர்கள் எல்லாம் கறுத்தன. கண்மைக்கு விளக்குப் புகையைப் பிடிப்பார்களே, ஏறக்குறைய அதே வேலைதான்: கனத்த எண்ணெயைப் போதுமான காற்றில்லாமல் எரித்து, வரும் கரியைச் சேர்ப்பது. கொச்சிக்கு அருகே கரிமுகளில் அதற்கென்றே ஓர் ஆலை இயங்குகிறது. தேய்மானத்தைத் தாங்குவது ஒரு பயன். வெயிலின் புறஊதாக் கதிரை விழுங்கிக்கொள்வது மறு பயன். ஆக, டயர் தன் குடையைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. பாலிஷ் விற்பவர் சொல்லாத முதல் செய்தி இது.

பழுப்பின் தத்துவம்

அப்படியானால் கரிய டயர் ஏன் மூன்றே மாதத்தில் வெல்லப்பாகு நிறத்துக்கு வருகிறது? அழுக்கு என்பர் ஒரு சாரார். அது முழுவதும் பொருந்தாது. என்னை? கழுவிய மறுவாரமே திரும்ப வருதலின்.

காற்றிலுள்ள ஓசோன் ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியை வெட்டும். வெட்டினால் வெடிப்பு. அதைத் தடுக்க டயர் செய்பவர்கள் 6பிபிடி என்ற வேதிப்பொருளையும் மெழுகையும் ரப்பருக்குள் கலந்துவிடுகிறார்கள். அவை மெல்ல மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்து, ஓசோன் ரப்பரைத் தொடுமுன் தாமே அதனோடு மோதி மாய்கின்றன. மாய்ந்த 6பிபிடியின் நிறமே பழுப்பு. காவல் காத்துச் செத்தவனைப் பார்த்து அழுக்கன் என்கிறோம். (இந்தக் காவலன் முழு உத்தமனும் அல்லன். ஓசோனோடு சேர்ந்து அவன் எடுக்கும் மறுவடிவம் மழைநீரில் கலந்து, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொன்றுவந்ததை 2020-ல் கண்டுபிடித்தார்கள்.)

டயர் உருண்டு நெளிந்தால்தான் மெழுகு மேலே புதுப்பித்துக்கொண்டு வரும். இங்கே இந்நகரத்துக்கே உரிய ஒரு சான்று கிடைக்கிறது. வளைகுடாவில் இருக்கும் மகன் லீவுக்கு வரும்போது ஓட்டுவதற்காக வாங்கிப் போர்ச்சில் நிறுத்திய கார். பதினோரு மாதம் உறை போர்த்தியபடி நிற்கும். பாடி கண்ணாடியாக இருக்கும். டயரின் பக்கச்சுவரில் முடி முடியாக வெடிப்பு ஓடியிருக்கும். “வண்டி ஓடவேயில்லையே, எப்படிப் போகும்?” என்று அப்பா கேட்பார். ஓடாததனால்தான் போயிற்று. அதன்மேல் பாலிஷ் அடித்தால் வெடிப்பு மறையும். மறைவது நமக்கு, டயருக்கு அல்ல.

பள்ளிகள்

மினுக்குவோருள் பல பள்ளியினர் உளர். மிகத் தொன்மையானது தேங்காயெண்ணெய்ப் பள்ளி. கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதைக் கொண்டு தலை முதல் டயர் வரை பராமரித்த எளியோர் மரபு. பூசிய அன்று அழகுதான். மறுநாள் பாப்பனங்கோட்டுத் தூசி அத்தனையும் வந்து அதில் குடியேறும். 2025-ல் எண்ணெய் லிட்டர் நானூறு ரூபாயைத் தாண்டியதும் இப்பள்ளி விவாதத்துக்கு இடமில்லாமலே நலிந்தது.

அடுத்தது பழைய இன்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து அடிக்கும் லாரிப் பள்ளி. இதைக் கடுமையாகக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. ரப்பரும் பெட்ரோலிய எண்ணெயும் வேதியியலில் நெருங்கிய சொந்தம். சொந்தக்காரன் வீட்டுக்குள் வருவதுபோல எண்ணெய் ரப்பருக்குள் புகுந்து உட்கார்ந்துவிடும். ரப்பர் ஊதும், தளரும், வலுவிழக்கும். கடையில் விற்கும் கரைப்பான் வகைப் பாலிஷ்களும் இப்பள்ளியின் கல்லூரிப் படிப்பு முடித்த கிளைதான். பெட்ரோலியக் கரைப்பானில் சிலிக்கோனைக் கரைத்தது. எண்ணெய்போலத் தெளிவாக இருக்கும், மூடியைத் திறந்ததும் பெட்ரோல் பங்க் வாசனை அடிக்கும். பளபளப்பு அபாரம், மழையையும் ஓரளவு தாங்கும். அடிக்கடி பூசினால், ரப்பருக்குள் இருக்கும் காவலர்களையும் கரைத்து வெளியேற்றும்.

மூன்றாவது நீர்ப் பள்ளி. சிலிக்கோனை நீரில் பால்மமாக்கியது. வெள்ளையாக இருக்கும், ஐந்து லிட்டர் கேனில் வாங்கித் தண்ணீர் விட்டுக்கொள்ளும் வகையும் உண்டு. ரப்பருக்குக் கெடுதல் குறைவு, மினுக்கும் அடக்கம், ஆயுளும் அற்பம்: ஒரு நல்ல துலாவர்ஷ மாலை போதும், ஆளைக் காணோம். ஆகவே வாங்கும்போது லேபிளில் உள்ள பந்தயக் கார் படத்தைப் பார்க்க வேண்டாம். புட்டியைச் சாய்த்து நிறத்தைப் பாருங்கள். வெள்ளை என்றால் பெரும்பாலும் நீர். தெளிவாக இருந்து நெடியும் அடித்தால் கரைப்பான். பாலாகப் பிறந்த பொருளுக்குப் பால் வண்ணமே பொருந்தும் என்பது இவ்வாய்வாளன் துணிபு.

எவ்வளவு மினுங்க வேண்டும் என்பதில் அழகியல் சிக்கல் ஒன்று உண்டு. கதகளியில் கரி வேஷமும் உண்டு, மினுக்கு வேஷமும் உண்டு. முன்னது காட்டாளனுக்கும் அரக்கிக்கும், பின்னது பெண்பாத்திரத்துக்கும் முனிவருக்கும். இரண்டையும் ஒரே முகத்தில் ஒரே நேரத்தில் தீட்ட எந்த அணியறைக் கலைஞரும் துணியமாட்டார். டயர் விஷயத்தில் அத்தனை பேரும் துணிகிறார்கள். தண்ணீர் சொட்டுவதுபோலப் பளபளக்கும் கறுப்பு, ஆவணி மாதக் கல்யாண ஊர்வலத்தில் ஒரு நாள் நிற்கலாம். மற்ற நாள்களில் புது டயர் எப்படி இருக்குமோ அப்படி, மங்கிய கருமையே போதும்.

பூசுமுறை

சூத்திரம்: கழுவாது பூசல் அழுக்கினை வளர்த்தல்.

இது என்நுதலிற்றோ எனின், முன்வேலை உணர்த்துதல் நுதலிற்று. பழைய பாலிஷும் பழுப்பும் போகாத டயரில் புதுப் பாலிஷ் பிடிக்காது. கிளீனரைத் தெளித்துக் கட்டைப் பிரஷால் தேய்த்தால் நுரை தேநீர் நிறத்தில் வரும். கழுவி, மறுபடி தேய்க்க வேண்டும். நுரை வெள்ளையாக வரும்வரை விடக்கூடாது. பிறகு நன்றாக உலரவேண்டும். கழுவுமிடங்களில் பலவும் வழுக்குவது இங்கேதான். பாடிக்கு ஷாம்பூ, டயருக்கு ஈரத்தோடு ஒரு ஸ்பாஞ்சு வீச்சு, அடுத்த வண்டி. ஈர டயரில் நீர்ப் பாலிஷ் பூசுவது மழையில் விபூதி இடுவதற்குச் சமம். வேலை செய்யும் அஸ்ஸாமியப் பையனைக் குறைசொல்லிப் பயனில்லை. வரிசையில் காத்திருந்து ஹாரன் அடிப்பவர் நாம்.

சூத்திரம்: மெல்லிதின் பூசித் துடைத்தலும் மரபே.

‘துடைத்தலும்’ என்ற உம்மையால் பூசுவதைவிடத் துடைப்பதே சிறப்புடைத்து என்பது பெற்றாம். ஸ்பாஞ்சில் சிறிதளவு எடுத்துப் பக்கச்சுவரில் சுற்றிவர ஒப்பித் தேய்த்து, கால் மணி நேரம் விட்டு, மிஞ்சியதைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அது தானே கிளம்பும். இதைத் தெறிப்பியல் எனலாம். சக்கரம் சுழல, மிச்சப் பாலிஷ் சக்கரத்துக்குப் பின்புறம் பாடியில் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். கேரளத்தில் வெள்ளைக் கார் அதிகம் என்பதால் தரவுக்குப் பஞ்சமில்லை. கழுவிவிட்டு வெளியே வந்த வெள்ளைக் கார் தம்பானூர் போவதற்குள் அம்மை போட்டிருக்கும். அந்தச் சிலிக்கோன் முழுதாகப் போகாமல் பின்னாளில் பெயின்ட் அடித்தால் பெயின்ட் குழி குழியாக விலகும். பட்டறைக்காரர்கள் சிலிக்கோனைக் கண்டால் எரிச்சல்படுவது அதனால்.

இன்னொரு வழக்கத்தையும் பதிவுசெய்தாக வேண்டும். டயரில் தொடங்கிய ஸ்பாஞ்சு சில இடங்களில் டாஷ்போர்டில் போய் முடிகிறது; உற்சாகம் மிகுந்தால் ஸ்டீயரிங், பெடல் வரை போகும். கால் வழுக்கும் பிரேக் பெடலில் மினுக்கு என்ன, மயிலிறகு வைத்தாலும் பயனில்லை. அங்கே நேராகவே “வேண்டா” என்று மலையாளத்தில் சொல்லுங்கள். ஒரே சொல், புரியும். தரையைத் தொடும் பட்டன் பகுதிக்கும் இதே தடை. பழவங்காடி கணபதி கோயில் முன் புது வண்டிக்குப் பூஜை போடுகையில் அடியில் வைக்கும் எலுமிச்சம்பழம் ஒன்றே அப்பகுதிக்கு அனுமதிக்கப்பட்ட பூச்சு.

கல்வெட்டியல்

திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையைத் தொடங்கிப் பதிப்பித்த து.அ. கோபிநாத ராவ் பணியாற்றிய ஊர் இது. இங்கே கண்ணெதிரே சுழலும் சாசனத்தை எவரும் வாசிப்பதில்லை. ‘185/65 ஆர்15 88எச்’ என்று ஒரு டயர் சொன்னால் பொருள்: அகலம் 185 மில்லிமீட்டர்; பக்கச்சுவர் உயரம் அதில் 65 விழுக்காடு; ரேடியல்; ரிம் 15 அங்குலம்; தாங்கும் எடை 560 கிலோ; தாங்கும் வேகம் மணிக்கு 210 கிலோமீட்டர். கடைசித் தகவல் எம்.ஜி. ரோட்டில் பயன்படாது. பயன்படுவது, தள்ளி ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கம். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் பிறந்த டயர்.

திருவிதாங்கூர் அரச குடும்பத்து உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1950-களின் மெர்சிடிஸ் பென்ஸ் 180 ஒன்றைக் ‘கேன் 42’ என்ற பெங்களூர்ப் பதிவெண்ணோடு கடைசிவரை போற்றினார். கார் கிழடானால் மதிப்பு ஏறும். டயருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஐந்து ஆண்டு கடந்தால் ஆண்டுதோறும் சோதிக்கவும், பட்டன் மிச்சமிருந்தாலும் பத்தாம் ஆண்டில் மாற்றவும் மிஷலின் நிறுவனமே அறிவுரை சொல்கிறது. பழைய கார் விற்பவர் டயருக்குத் தாராளமாகப் பாலிஷ் அடிப்பது எதனால் என்பது இப்போது விளங்கியிருக்கும். அந்த மினுக்கில் வெடிப்பு மறையும், பழுப்பு மறையும். அச்சுக்குழியில் பதிந்த நான்கு இலக்கம் மறையாது. பட்டனுக்கு இடையே குறுக்காக 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு மேடு இருக்கும். பட்டன் தேய்ந்து அதன் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரை மாற்றிவிட வேண்டும். மினுக்கு எவ்வளவு இருந்தாலும் கணக்கில் வராது.

பரிந்துரை

மழைக்காலத்தில் பூச வேண்டாம், காசு ஓடையில் போகும். மற்ற காலத்தில் வெள்ளை நிறப் பாலிஷாகப் பார்த்து, நன்றாகக் கழுவி உலர்த்திய டயரில், துடைத்து எடுக்கும் அளவுக்கு மட்டும். ஸ்கூட்டர், பைக் டயர்களுக்கு எக்காலத்திலும் எவ்வகையும் பூசக்கூடாது: வளைவில் சாயும்போது தரையைத் தொடுவது அந்த ஓரம்தான். இவ்வொன்றில் மாற்றுக் கருத்துகள் ஏற்கப்படமாட்டா.