யார் வீட்டுச் சர்க்கரை?

கர்ப்பிணிக்குச் சுகர் என்று ரிப்போர்ட் வந்தால் போதும், வீட்டில் விசாரணைக் கமிஷன் கூடிவிடுகிறது. தலைவர் மாமியார்; உறுப்பினர்கள் நாத்தனாரும் சின்ன மாமியாரும்; மண்டையை ஆட்ட மட்டும் கணவர். "எங்க வம்சத்துலயே யாருக்கும் சுகர் கிடையாது. எல்லாம் அவ அம்மா வீட்டுச் சீதனம்." உண்மைதான். சோதித்தே பார்க்காத வம்சத்தில் எந்த நோயும் இருப்பதில்லை.

பெற்றோருக்குச் சர்க்கரை இருந்தால் மகளுக்குக் கர்ப்பத்தில் வரும் வாய்ப்பு கூடும். பெற்றோரைக் கடையில் பார்த்தா பொறுக்கி எடுத்தாள்? வயது ஏறினாலும் கூடும். வீட்டுக் கடன் அடையும்வரை அவள் சம்பளத்தை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் யார்? சினைப்பை நீர்க்கட்டி (பிசிஓடி) இருந்தாலும், கர்ப்பத்துக்கு முன்பே எடை கூடியிருந்தாலும் வரும். நடக்கக் கிளம்பியவளை "பொம்பளைக்கு என்ன வாக்கிங்?" என்று வாசலில் மறித்த வாய் எது? முந்தைய குழந்தை நாலு கிலோவில் பிறந்திருந்தால் அதுவும் ஓர் எச்சரிக்கை. நீங்களோ "கொழுகொழுன்னு ராஜாவாட்டம்" என்று திருஷ்டி கழித்தீர்கள். இது எதுவுமே இல்லாவிட்டாலும், தெற்காசியப் பெண்ணாக இருப்பதே ஒரு காரணம் என்கிறது மருத்துவம். அதற்கும் அவளையே திட்டிவிடுங்கள்.

உண்மையான குற்றவாளி நஞ்சுக்கொடி. அதில் சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை வேலை செய்ய விடாது. ஈடுகட்டக் கணையம் கூடுதலாகச் சுரந்தாக வேண்டும். முடியாவிட்டால் சர்க்கரை ஏறும். அந்த நஞ்சுக்கொடி கருவோடு சேர்ந்து உருவானது. அதன் மரபணுவில் பாதி உங்கள் அருமை மகனுடையது. சீதனக் கணக்கில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இதற்கு நடுவே வளைகாப்பு. சர்க்கரைப் பொங்கல், கேசரி, ஐந்து வகைச் சாதம். "டாக்டர் வேண்டாம்னாங்க" என்பவளின் தாடையைப் பிடித்து, "எனக்காக ஒரு வாய், ரெண்டு உசுரு இருக்குல்ல!" வந்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை வாய். மறுவாரம் அளவு ஏறினால், "வாயைக் கட்டத் தெரியல."

கர்ப்பத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறதா என்று பார்க்க, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிறுகூடத் தேவையில்லை. சென்னை மருத்துவர் சேஷய்யா போன்றவர்கள் போராடி நிலைநாட்டிய சோதனை. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரை பார்க்கத் தமிழக அரசு 2007இல் ஆணையிட்டது. பெருமைதான். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பிரசவமாகி ஆறு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்பதும் விதிதான். பின்னாளில் நிரந்தரமாகச் சர்க்கரை வரும் ஆபத்து இவர்களுக்குப் பல மடங்கு.

அதே ஆறாவது வாரம்தான் பிள்ளைக்குத் தடுப்பூசி. ஆட்டோ பிடித்துக் குடும்பமே போகிறது; ஊசி போட்டதும் பிள்ளையை வாரிக்கொண்டு திரும்பிவிடுகிறது. கூடவே வந்தவளுக்கும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. பிள்ளையைக் கொடுத்துவிட்டாள், இனி அவள் உடம்பு யாருக்கு வேண்டும்?

பத்து வருடம் போகட்டும். கண் மங்கி, கால் புண் ஆறாமல் அவள் உட்காரும்போது, "அன்னைக்கே இனிப்பைத் தின்னாதேன்னு சொன்னேன்" என்பார்கள். அவளைச் சுட்டிக்காட்ட முதலில் நீள்வது, கேசரி ஊட்டிய அதே விரல்தான்.