பல்லி விழுந்த பலன்

அமெரிக்காவில் இருக்கும் தம்பி போன தடவை வந்தபோது, எங்கள் மடிப்பாக்கம் வீட்டுக்குத் திருட்டு அலாரம் பொருத்திவிட்டுப் போனான். "இங்க திருட என்னடா இருக்கு?" என்று அம்மா கேட்டதற்கு, "இனிமே இந்த அலாரம் இருக்கே" என்றான்.

கதவில் ஒரு காந்தம், கூடத்து மூலையில் உடம்புச் சூட்டைக் கண்டுபிடிக்கும் சென்சார், வாசலுக்கு மேல் சைரன். வெளியே போய்த் திரும்பிக் கதவைத் திறந்தால் 30 விநாடி அவகாசம். அதற்குள் கீபேடில் ரகசிய எண்ணைத் தட்டி, வந்திருப்பது நாம்தான் என்று நிரூபிக்க வேண்டும். நம் ஊரில் செருப்பைக் கழற்றி, காய்கறிப் பையை இறக்கி, மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் 30 விநாடி எந்த மூலைக்கு? பூட்டை உடைக்கிறவனுக்குப் பையும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது.

எண்ணாக அப்பாவின் திதியை வைக்கச் சொன்னாள் அம்மா. அது வருஷா வருஷம் தேதி மாறும் என்று விளக்கி, பழைய லேண்ட்லைனின் கடைசி நான்கு எண்களுக்குச் சம்மதிக்க வைத்தோம். தம்பி விடவில்லை. இரண்டாவதாக இன்னொரு எண்ணும் தந்தான். திருடன் கத்தியைக் காட்டி "அலாரத்தை நிறுத்து" என்று மிரட்டினால் தட்டவேண்டியது அது. சைரன் சமர்த்தாக நின்றுவிடும். தம்பியின் போனுக்கு மட்டும் சத்தமில்லாமல் ஆபத்துச் செய்தி போகும்.

"கழுத்துல கத்தி இருக்கும்போது எந்த நம்பர் எதுக்குன்னு யோசிச்சிக்கிட்டு நிக்கணுமா?" என்றாள் அம்மா. நியாயமான கேள்வி. தம்பி பேச்சை மாற்றினான்.

மின்சாரத்தில் இயங்கும் திருட்டு மணிக்கு 1853-இல் காப்புரிமை வாங்கிய அகஸ்டஸ் ரஸ்ஸல் போப், அமெரிக்காவில் பாதிரியாராக இருந்தவர். கடவுளை நம்பச் சொல்வது அவர் தொழில். கதவை நம்பாதது அவர் சுபாவம். பாவம், அவருக்குச் சென்னைப் பல்லிகளைத் தெரியாது.

இந்தச் சென்சாருக்குச் சுவரின் சூடும் மனிதனின் சூடும் வேறாக இருக்கவேண்டும். அக்னி நட்சத்திரத்தில் அறை 37 டிகிரியை நெருங்கினால் அது தடுமாறும். திருடன் கூடத்தில் காற்று வாங்கினாலும் கண்ணில் படாமல் போகலாம். ஆனால் ஒரு பல்லி லென்ஸ் மேலேயே ஊர்ந்துவிட்டால் போதும், ஊரே எழுந்துகொள்ளும். தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று பஞ்சாங்கத்தில் விரிவாகப் பலன் போட்டிருக்கிறது. சென்சாரில் விழுந்தால் என்ன என்பதற்குப் பக்கமே இல்லை.

பலன் நடுராத்திரி இரண்டு மணிக்குக் கிடைத்தது. எதிர்வீட்டுக்காரர் வந்து மெயினை அணைத்தார். சைரன் பேட்டரிக்கு மாறி அதே சுருதியில் தொடர்ந்தது. தெருவே வாசலில் கூடியது. திருடன் எந்தப் பக்கம் ஓடினான் என்று ஒருவரும் கேட்கவில்லை, "எப்ப சார் நிக்கும்?" என்பதுதான் எல்லோருடைய கவலையும். மாசாமாசம் காசு வாங்கிப்போகும் கூர்க்காவும் வந்து நின்று, தன் விசிலை மரியாதையாகச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஒருவழியாக எண்ணைத் தட்டி நிறுத்தினேன். சத்தம்தான் நின்றது, சிவப்பு விளக்கு அணையவில்லை. எந்த மூலையில் என்ன நடந்தது என்பதை அது நினைவில் வைத்திருக்குமாம். ரீசெட் செய்தால்தான் மறக்கும். அதற்கான பொத்தானைக் கையேட்டில் தேடிக்கொண்டிருந்தபோது பல்லி மறுபடி நடமாட, அலாரமும் மறுபடி தொடங்கியது. பொறுமையிழந்த அம்மா எழுந்துபோய்த் தனக்கு மனப்பாடமாக இருந்த ஒரே எண்ணைத் தட்டினாள். சட்டென்று அமைதி.

அடுத்த நிமிஷம் டல்லாஸிலிருந்து போன். குரலைத் தாழ்த்தி, "அம்மா, பேச வேணாம். ஆள் இன்னும் வீட்டுக்குள்ளதான் இருக்கானா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லு" என்றான் தம்பி.

"ஆமாம்டா. இப்பதான் வாலைப் போட்டுட்டு டியூப்லைட்டுக்குப் பின்னால போச்சு."