காட்டும் பணம்: ஒரு படையல் கோட்பாடு

1. ஆய்வின் தேவை

பணம் மூவகைப்படும்: செலவழிக்கும் பணம், சேர்க்கும் பணம், காட்டும் பணம். முதலிரண்டைப் பற்றிப் பொருளியலார் எழுதிக் குவித்துவிட்டார்கள். மூன்றாவதன் நுட்பம் அறிந்தவர்கள் விசா ஏஜெண்டுகளும் கல்யாணத் தரகர்களும்தாம். இரு சாராரும் பேசுவார்களே தவிர எழுதமாட்டார்கள். அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு.

வரையறை: அந்நிய நாட்டு வாசலில் நின்று, "என் சோற்றுக்கு உங்களை அண்டமாட்டேன்" என்று மெய்ப்பிப்பதற்காகக் கையிலோ கணக்கிலோ வைத்திருந்து, பார்த்தாயிற்று என்றதும் திருப்பி எடுத்துக்கொள்ளப்படும் தொகை, காட்டும் பணம் எனப்படும்.

2. கருதுகோள்

காட்டும் பணம் ஒரு படையல். சாமி முன்னால் இலை போடுகிறோம். சோறு, வடை, பாயசம் வைக்கிறோம். கற்பூரம் காட்டுகிறோம். சாமி ஒரு பருக்கையைக்கூடத் தொடுவதில்லை. பிறகு இலையை நம் பக்கம் இழுத்துக்கொள்கிறோம். குடியேற்ற அதிகாரி கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்திருக்கும் மூலவர். அவர் பசிக்கு நம் பணம் தேவையில்லை. தன் வீட்டில் வந்து கை நீட்டமாட்டான் என்ற திருப்தி போதும்.

3. படையலின் வரலாறு

தன்னைத் தானே பராமரிக்க முடியாமல் பொதுச் சுமையாகிவிடக்கூடியவரை உள்ளே விடக்கூடாது என்று 1882இல் அமெரிக்கா சட்டம் செய்தது. எவ்வளவு இருந்தால் சுமை இல்லை என்று அதில் சொல்லவில்லை. 1909இல் நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக்கு ஆணையராயிருந்த வில்லியம் வில்லியம்ஸ் அதற்கு ஓர் எண் வைத்தார்: 25 டாலர், அதற்கு மேல் போகுமிடம் வரைக்குமான டிக்கெட்.

சாமிக்குப் பிடிக்காத பக்தனுக்குப் படையலின் அளவு ஏறும் என்பதையும் வரலாறு காட்டுகிறது. 1908இல் கனடா, இந்தியர் உள்ளிட்ட ஆசியக் குடியேறிகள் ஆளுக்கு 200 டாலர் காட்டவேண்டும் என்றது. அதுவும் போதாதென்று, சொந்த நாட்டிலிருந்து ஒரே பயணமாக, நடுவில் மாறாமல் வரவேண்டும் என்றது. 1914இல் கோமகட்டா மாரு கப்பலில் வான்கூவர் போய்ச் சேர்ந்த 376 பேரில் பெரும்பாலோரை இறங்கவே விடாமல், இரண்டு மாதம் கடலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். நடை சாத்திய கோயிலில் படையலின் அளவைப் பற்றி ஆராய்வது வீண். இவ்வாய்வாளர் சிரிப்பதற்கு இவ்விடத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த பகுதிக்குச் செல்வோம்.

4. உறவின் விலை

2024 நிலவரப்படி, ஜெர்மனிக்கு நாளொன்றுக்கு 45 யூரோ காட்டினால் போதும். பிரான்சு நுட்பமான சாமி. ஹோட்டலில் அறை பதிந்திருந்தால் 65 யூரோ. எங்கே தங்குவோம் என்றே தெரியாவிட்டால் 120. சொந்தக்காரர் வீடென்றால் 32.50. அதாவது, பாரிஸின் லா ஷப்பேல் பக்கம் குடியிருக்கும் சித்தப்பாவின் மதிப்பு, ஹோட்டலில் சரிபாதி என்று பிரெஞ்சு அரசு கணக்கிட்டிருக்கிறது. தமிழர்களுக்கு நூற்றாண்டுகளாகப் பிடிபடாத கணக்கு இது.

ஆனால் சித்தப்பா சும்மா கிடைப்பதில்லை. அவர் நகராட்சி அலுவலகம் போய், 30 யூரோ முத்திரை ஒட்டி, "என் வீட்டில்தான் தங்குவான்" என்று சான்று வாங்கவேண்டும். நாளொன்றுக்கு மிச்சம் 32.50, செலவு 30. ஆகவே முதல் நாள் சித்தப்பாவால் ஆகும் நிகர லாபம் இரண்டரை யூரோ. அந்த 30ஐக் கட்டுவது அவர். லாபத்தைக் காட்டுவது நாம். குறைந்தது ஒரு வாரமாவது தங்கினால்தான் இந்த உறவுக்கு மரியாதை.

5. மண்டல விரதம்

பிரிட்டனுக்குப் படிக்கப் போகிறவர்கள் தொகையைக் காட்டினால் மட்டும் போதாது. அது தொடர்ந்து 28 நாள் கணக்கில் அசையாமல் கிடக்கவேண்டும். நம் மண்டலம் 48 நாள். லண்டன் மண்டலம் 28. என் அக்கா மகனுக்காக அவனுடைய பெரியப்பா பணத்தைத் தன் தம்பி கணக்கில் போட்டுவிட்டு, தினமும் போன் செய்து "பணம் சௌக்கியமா?" என்று விசாரித்தார். காசு வீணாகக் கூடாதென்று தேவையான தொகையை மட்டும் துல்லியமாகப் போட்டிருந்தார். பத்தொன்பதாம் நாள் வங்கி, எஸ்எம்எஸ் கட்டணம் என்று 17 ரூபாய் 70 பைசாவைப் பிடித்துக்கொண்டது. மாலை போட்டவன் வாயில் முட்டை விழுந்த கதை. மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணினார்கள்.

ஜெர்மனியின் மாணவர் சாமியோ படையலை மொத்தமாகத் திருப்பித் தருவதே இல்லை. முடக்கப்பட்ட கணக்கில் 11,904 யூரோவை முன்கூட்டியே போட்டுவிடவேண்டும். அப்புறம் மாதா மாதம் 992 யூரோ, சர்க்கரைப் பொங்கல் போலத் தொன்னையில் அளந்து வரும். நம் பணமே நமக்குப் பிரசாதம்.

6. கள ஆய்வு

இடம்: பாங்காக், சுவர்ணபூமி விமான நிலையம், விசா ஆன் அரைவல் வரிசை. அன்றைய விதி: தனி ஆளுக்கு 10,000 பாத், குடும்பத்துக்கு 20,000. மனைவி மக்களோடு ஐந்து பேர் வந்தாலும் அதே 20,000தான் என்பதால், மூன்றாம் ஆளிலிருந்து தாய்லாந்தில் சாப்பாடு இலவசம் என்று கொள்ளலாம்.

ஆய்வாளர் தனி ஆள். இடுப்புப் பையில் பழுப்பு நிற ஆயிரம் பாத் தாள்கள் பத்து. பின்னால் நின்ற திருப்பூர்த் தம்பி எட்டிப் பார்த்துவிட்டுக் காதருகே வந்தான்.

"ஏனுங்ணா, உங்களுக்கு முடிஞ்சதும் அதை இப்படிச் சித்த குடுங்ணா. காட்டிப்போட்டுத் தந்தர்றனுங்."

கோட்பாட்டின்படி அவன் கேட்டது நியாயம். ஒரே பாயசத்தை இரண்டு சாமிக்குக் காட்டுவதில் தோஷமில்லை. ஆனால் ஆய்வாளரின் கை பையை இறுகப் பிடித்துக்கொண்டது. கோட்பாடு வேறு, இடுப்பு வேறு.

கவுண்டரில் இருந்த அம்மாள் ஹோட்டல் தாளைப் பார்த்தார், திரும்பும் டிக்கெட்டைப் பார்த்தார், முத்திரை குத்தினார். பணத்தைக் கேட்கவே இல்லை. தம்பியிடமும் கேட்கவில்லை. அவன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே முந்திக்கொண்டு போனான்.

7. முடிவு

வெளியே வந்து, வெயிலில் ஓர் இளநீர் குடித்துவிட்டு ஆயிரம் பாத் தாளை நீட்டினேன். கடைக்காரர் அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து நன்றாகப் பார்த்தார். அன்று அந்தப் பணத்தை ஏறெடுத்துப் பார்த்த முதல் ஆள் அவர். பிறகு சில்லறை இல்லை என்று கையை விரித்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

இளநீருக்குக் காசு கொடுத்தது திருப்பூர்த் தம்பி.