சாக்கு மார்க்கும் அரண்மனைச் சுவரும்

மட்டாஞ்சேரியில் என் அப்பாவுக்குச் சாக்குகளுக்கு மார்க்கு அடிக்கும் வேலை. தென்காசியிலிருந்து பிழைக்க வந்தவர். யூதத்தெருவில் ஒரு மிளகுப் பண்டகசாலை. எழுத்து வெட்டிய தகரத்தைச் சாக்கின்மேல் வைத்து, மொட்டைப் பிரஷ்ஷைக் கறுப்பு மையில் தொட்டு நாலு தட்டுத் தட்டுவார். சாய்சதுரத்துக்குள் இரண்டு எழுத்து, கீழே எண், அதற்கும் கீழே சரக்கு இறங்கும் துறைமுகத்தின் பெயர். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் போவேன். தகரம் இம்மி நகர்ந்தாலும் எழுத்து இரட்டையாக விழும். அந்தச் சாக்கைப் புரட்டிப் போட்டு மறுபக்கம் அடிக்க வேண்டும். நான் பிரஷ் பிடிக்கக் கற்றது அங்கேதான்.

தெருவைத் தாண்டினால் அரண்மனை. 1555-இல் போர்ச்சுக்கீசியர் கட்டி, கொச்சி ராஜா வீர கேரள வர்மாவுக்குக் கொடுத்தது. பிறகு டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததால் டச்சு அரண்மனை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ராஜாவின் பள்ளியறைச் சுவர்களில் ராமாயணம் முழுவதும் இருக்கிறது. விரல் வைக்கக்கூட வெற்றிடம் விடாமல் ஆளும் மரமும் குரங்கும் நகையும் நெருக்கியடித்து நிற்கும். காவிச் சிவப்பும் மஞ்சளும் பச்சையும்தான் கண்ணில் நிறையும். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியவை அவை அல்ல. நிறம் ஏற்றாமல் வெறும் கோட்டோடு நின்றுபோன சில உருவங்கள் அந்த அரண்மனையில் உண்டு. வரைந்தவர் ஏன் விட்டுவிட்டுப் போனாரோ! தோள் தொடங்கி விரல் நுனி வரை ஒரே இழுப்பில் ஓடும் அந்தக் கோடுகளைப் பார்த்துப் பார்த்து, பண்டகசாலைக் கணக்குத் தாள்களின் பின்பக்கத்தில் வரைந்து தள்ளினேன்.

அந்தக் காலத்தில் கொச்சிப் பையனுக்கு ஓவியனாக வேண்டுமென்றால் மெட்ராசுக்கு ரயிலேற வேண்டும். எம்.வி. தேவன், நம்பூதிரி, டி.கே. பத்மினி, சி.என். கருணாகரன் எல்லோரும் கேரளத்திலிருந்து அப்படிப் போனவர்கள்தான். கருணாகரன் திரும்பி வந்து 1973-இல் கொச்சியில் சித்ரகூடம் என்ற ஓவியக்கூடத்தைத் தொடங்கினார். அது சில ஆண்டுகளே நடந்தது. படத்தை மாட்ட ஊரில் வேறு சுவர் கிடைப்பது அரிதாக இருந்தது. நான் 1974-இல் எழும்பூர் பக்கத்து ஓவியக் கல்லூரியில் சேர்ந்தபோது தனபால் முதல்வராக இருந்தார்.

அடுத்த ஆண்டு ஈஞ்சம்பாக்கத்துக்குப் பஸ் பிடித்துச் சோழமண்டலம் போனேன். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணி விற்ற காசில் நிலம் வாங்கி உண்டாக்கிய ஓவியர் கிராமம் அது. அங்கேதான் பணிக்கரின் 'சொற்களும் சின்னங்களும்' வரிசைப் படங்களைப் பார்த்தேன். கட்டம் கட்டமாகக் கோடுகள், வாசிக்க முடியாத எழுத்துகள், ஜாதகக் கட்டம் போல, கணக்கு நோட்டுப் போல, நடுவில் ஒரு பறவையோ மீனோ. கூட வந்த நண்பர்கள் தாந்திரிகம் என்றும் ஓலைச்சுவடி என்றும் பேசிக்கொண்டார்கள். எனக்கோ அடுக்கி வைத்த மிளகுச் சாக்குகள் தெரிந்தன. தொண்டை அடைத்துக்கொண்டது.

பணிக்கர் அந்த இடத்துக்கு எடுத்த எடுப்பில் வந்துவிடவில்லை. 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தென்னையும் காயலுமாக நீர்வண்ணத்தில் தொடங்கினார். 1944-இல் மெட்ராசில் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். 1954-இல் லண்டன், பாரிஸ் பார்த்துவிட்டு வந்தார். கிறிஸ்துவையும் புத்தரையும் தாயையும் பிள்ளையையும் வரைந்து வரைந்து கை முற்றிய பிறகு, 1963-இல், ஐம்பத்திரண்டு வயதில்தான் எழுத்துக்கும் சின்னத்துக்கும் வந்தார். அந்த முப்பது வருஷ உருவப் பயிற்சி அவருடைய கட்டங்களுக்கு அடியில் கிடக்கிறது. அதனால்தான் அவருடைய கோடு தள்ளாடுவதில்லை.

நானோ இருபது வயதிலேயே உருவத்தைக் கைவிட்டேன். நிறமும் குறியுமாகப் பத்து வருஷம் வரைந்தேன். ஒரு கூடம் என் படங்களை மூன்று மாதம் வைத்திருந்துவிட்டுப் பிரிக்காமலே திருப்பி அனுப்பியது. வருத்தம்தான். ஆனால் அதைவிட ஆழமாகப் பதிந்தது, மெட்ராசுக்கு வந்திருந்த அப்பா கேட்ட கேள்வி. என் அறையில் இருந்த பெரிய கான்வாஸை வெகுநேரம் பார்த்தார்.

"ஏலே, இது நம்ம சாக்கு மார்க்குல்லா?"

"ஆமாப்பா."

"எந்தத் துறைமுகத்துக்குப் போவுது? ஊர் பேரையே காணோமே."

கேலியாகக் கேட்கவில்லை, தொழில் தெரிந்தவராகக் கேட்டார். மார்க்கு என்றால் அதற்கு ஒரு சரக்கு உண்டு, அனுப்புகிற ஆள் உண்டு, போய்ச் சேரும் ஊர் உண்டு. என் படத்தில் பணிக்கரின் தோற்றம் இருந்தது, சரக்கு இல்லை. அந்த வருஷமே ஊருக்கு வந்து அரண்மனைச் சுவரின் முன் மறுபடி உட்கார்ந்தேன். இப்போது நான் வரைபவற்றில் சாக்குக் குறிகளுக்கு நடுவே மூட்டை தூக்குகிறவரின் முதுகு ஒன்று கோட்டளவில் இருக்கும். நிறம் ஏற்றுவதில்லை. அருவம், உருவம் என்று யாராவது கட்சி பிரித்துப் பேசினால் எனக்குக் கோபமே வருகிறது.

2012 டிசம்பர் 12-ஆம் தேதி போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் கொச்சி பியன்னாலே என்ற கலைக் கண்காட்சியைத் தொடங்கினார்கள். பூட்டிக் கிடந்த கிடங்குகளின் கதவுகள் திறந்தன. 2014-இல் சென்னையிலிருந்து பெனிதா பெர்சியல் வந்து, பெப்பர் ஹவுஸில் சாம்பிராணியும் மசாலாப் பொருட்களும் குழைத்து உருவங்கள் செய்து வைத்தார். அந்த வாசனையில் அப்பாவின் சட்டை ஞாபகம் வந்தது. கானா நாட்டு இப்ராஹிம் மகாமா 2015-இல் வெனிஸில் உயர்ந்த சுவர்களைப் பழைய கோணிச் சாக்குகளால் மூடினார். உலகமே அண்ணாந்து பார்த்தது. நாங்கள் மெட்ராசுக்கு ரயிலேறினோம், இன்று சென்னைப் பிள்ளைகள் படச்சுருளோடு எர்ணாகுளத்தில் இறங்கி மட்டாஞ்சேரி எங்கே என்று விசாரிக்கிறார்கள். மிளகு ஏலக் கூச்சல் தெருவில் இல்லை. அப்பா நின்ற பண்டகசாலையில் வெள்ளைச் சுவரும் விளக்கும் வந்துவிட்டன. சுவர் கிடைத்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆனால் அந்தத் தரையில் முதுகு வளைத்தவர்களின் பெயர் ஒன்றுகூட அங்கே எழுதப்படவில்லை. அதை எழுத வேண்டும்.

அப்பாவின் தகரம் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஓரம் துருப்பிடித்திருந்தாலும் எழுத்து தெளிவாக இருக்கிறது. வரைகிற பிள்ளைகள் கேட்டால் எடுத்துக் காட்டுகிறேன். கிடங்குகளைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் அரண்மனைக்குப் போய், நிறம் ஏறாத அந்தக் கோடுகளின் முன் பத்து நிமிஷம் நில்லுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வர வேண்டாம், அன்று அரண்மனை திறப்பதில்லை.