பெரிய ஜப்பானுக்குக் குட்டி ஜப்பானிலிருந்து ஒரு மனு

அனுப்புநர்:
குட்டி ஜப்பான் பிரஜை ஒருத்தி,
சிவகாசி, விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு பெரிய அதிகாரி அவர்கள்,
பெரிய ஜப்பான் அரசாங்கம்,
டோக்கியோ.

பொருள்: தங்கள் தலைநகரைத் தம்பதி சமேதராகச் சுற்றிப் பார்த்த வகையில் ஏற்பட்ட மனக்குறைகள் – உரிய நடவடிக்கை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் இருவருடையதும்.

ஐயா,

எங்கள் ஊருக்குக் குட்டி ஜப்பான் என்று ஒரு பேர் உண்டு. ஜவஹர்லால் நேரு வைத்தது என்பார்கள். வைத்தபோது உங்களை ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை, ஆகவே தாங்கள் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. ஆனாலும் உறவு உறவுதான். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் எங்கள் ஊரிலிருந்து கிளம்பிக் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். கல்கத்தாவில் அதைக் கைத்தொழிலாகச் செய்து காட்டியவர்கள் அங்கே குடியேறியிருந்த உங்கள் ஆட்கள். அதற்கு முன்னால் இந்தத் தேசத்து அடுப்பைப் பற்றவைத்ததே சுவீடன் தீப்பெட்டியும் ஜப்பான் தீப்பெட்டியும்தான். எங்கள் சாமி படத்தை உங்கள் ஊரில் அச்சடித்து, பெட்டிமேல் ஒட்டி, எங்களுக்கே விற்றிருக்கிறீர்கள். பிறகு நாங்களே பெட்டி செய்தோம். பெட்டிக்கு லேபிள் வேண்டுமென்று அச்சகம் வந்தது, அச்சகத்தோடு காலண்டர் வந்தது, குச்சிக்கு மருந்து கலக்கிய கை வெடிக்கும் மருந்து கலக்கியது. பூர்வோத்தரம் விசாரித்தால் நீங்கள் எங்களுக்குப் பங்காளி முறை. பங்காளி வீட்டைப் பார்க்காமலே கண்ணை மூடுவதா என்று எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் கேட்டார். ஆப்செட் பிரஸ்ஸில் மிஷின்மேனாக இருந்து ஓய்ந்தவர் அவர். ஓய்ந்த ஆம்பிளை வீட்டில் உட்கார்ந்து கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதைவிட டோக்கியோ போய்வருவது சுலபம்.

ஏலச் சீட்டு எடுத்த பணத்தில் டிக்கெட் போட்டோம். நாங்கள் பார்க்க நினைத்த உங்கள் சுமிதா ஆற்றங்கரை வாணவேடிக்கை ஜூலைக் கடைசியில் என்பதால் எங்களுக்கு அது ஆடி மாசம். புதுப் பொண்ணையும் மாப்பிள்ளையையும் பிரித்து வைக்கிற மாசத்தில் பழைய ஜோடி ஒன்று பெட்டி படுக்கையோடு ஆட்டோ ஏறுவதைத் தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது.

கொண்டுபோன பை என் தங்கச்சி வீட்டுக்காரருடையது. அவர் வெடி ஆபீஸில் போர்மேன். (எங்கள் பக்கம் பட்டாசு ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அங்கே போகிற பெண்கள் விடியக் காலையில் தூக்குவாளியோடு வேனுக்கு நிற்பார்கள், 'எங்க?' என்றால் 'ஆபீஸுக்கு.') அவர் உள்ளங்கை ரேகையில் அலுமினியப் பொடி ஏறி வெள்ளி போல மினுங்கும், எந்தச் சோப்புக்கும் போகாது. பைக்குள்ளும் ஏறியிருக்கும் போல. வழியில் ஒரு விமான நிலையத்தில் ஒரு துண்டுத் துணியால் பையைத் துடைத்து ஒரு மிஷினுக்குள் செருகினார்கள். மிஷின் கத்தியது. இன்னொரு துணி, இன்னொரு கத்தல். திறந்து கொட்டினால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, பிரஷர் மாத்திரை, என் சேலைகள். “எந்த ஊர்?” என்று அதிகாரி கேட்டார். எங்க வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தி “சிவகாசி” என்றார். அதோடு எங்களை ஓரமாக உட்காரவைத்துவிட்டார்கள். ஊர்ப் பெருமை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அவருக்கு ஒரே பூரிப்பு.

இனி குறைகள்.

தங்கள் ரயிலில் புருசன் பொண்டாட்டி சண்டை போட வசதி செய்யப்படவில்லை. போனில் பேசாதே என்று எழுதியே ஒட்டியிருக்கிறீர்கள். நேரில் பேசுகிறவர்களும் மூச்சு விடுகிற அளவுக்குத்தான் பேசுகிறார்கள். வழி தவறினால் அது யாரால் என்பதை அந்தந்த இடத்திலேயே வைத்துத் தீர்த்துக்கொண்டால்தான் குடும்பம் நடக்கும். யமனோத்தே லைன் என்று ஒரு பச்சை ரயில், 30 ஸ்டேஷன், ஊரைச் சுற்றிச் சுற்றி வருகிறதே, அதில் இறங்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டோம். அடுத்ததில் இறங்கி எதிர்ப்பக்கம் ஏறலாம் என்று நான் கண்ணால் சொன்னேன். சுத்தி இங்கதான வரப்போகுது, சும்மா இரு என்று அவர் புருவத்தால் சொன்னார். ஒரு மணி நேரம் சுற்றினோம். வாய் வரைக்கும் வந்த வார்த்தைகளை ஒவ்வொரு ஸ்டேஷனாக விழுங்கினேன். அந்தப் பாக்கியை ஊருக்கு வந்துதான் அசலும் வட்டியுமாகப் பைசல் பண்ண வேண்டியதாயிற்று. பெண்களுக்கென்று தனிப் பெட்டி விடத் தெரிந்த அரசாங்கம், தம்பதிகள் வாய்திறக்க ஒரு பெட்டி ஒதுக்கக் கூடாதா?

அந்த ஒரு மணி நேரமும் அவர் சும்மா வரவில்லை. சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்து, கதவோரம் ஒட்டியிருந்த ஒரு விளம்பரத்தின்மேல் வைத்து, ஒற்றைக் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். நாலு கலரும் விளிம்பு பிசகாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கிறாராம். பக்கத்தில் இருந்த பெரியவர் நகர்ந்து இடம் விட்டார். இறங்கியதும் பிளாட்பாரத்தில் நின்று அவர் சொன்ன முதல் பேச்சு: “ரிஜிஸ்டர் ஒரு மயிரிழை விலகல, பாக்கியம்.” அதைச் சொன்னபோது முகத்தில் இருந்தது சந்தோசமா வயிற்றெரிச்சலா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்தது குப்பைத் தொட்டி. 1995-இல் சுரங்க ரயிலில் பாவிகள் விஷவாயு விட்ட பிறகு பொது இடத்துத் தொட்டிகளை எடுத்துவிட்டீர்கள் என்றார்கள். நியாயம். தொட்டியை எடுத்தீர்கள், சரி. குப்பையை எங்கே ஒளித்தீர்கள்? காலையில் எங்க வீட்டுக்காரர் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டார். தோலைப் போட இடமில்லை. கைக்குட்டையில் சுற்றி பேண்ட் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தத் தோல் அசகுசா கோயில் பார்த்தது, உவேனோ பூங்கா பார்த்தது, ராத்திரி விடுதி அறைக்கு வந்தபோது எங்களைவிடக் கறுத்துப்போயிருந்தது. எங்கள் ஊரில் தீபாவளிக்கு மறுநாள் காலை யார் வீட்டு வாசலில் வெடித்தாள் அதிகம் கிடக்கிறதோ அவர்தான் தெருவில் பெரிய மனுசர். பெருமாட்டிகள் அன்றைக்கு வாசல் கூட்ட மாட்டார்கள். நாலு பேர் பார்த்த பிறகுதான் விளக்குமாறு வெளியே வரும். தங்கள் ஊரில் ஒருவருடைய அந்தஸ்தை எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது எங்களுக்கு விளங்கவேயில்லை.

2017 நவம்பரில் சுகுபா எக்ஸ்பிரஸ் 20 விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டது என்று அந்தக் கம்பெனி ஊரறிய மன்னிப்புக் கேட்டதாமே. இந்த மாதிரிச் செய்திகளை வெளிநாட்டுக்கு விடாமல் இருப்பது நல்லது. எங்கள் பஸ் ஸ்டாண்ட் டைம்கீப்பர்கள் மனசு புண்படும்.

விலாசத்துக்கு வருகிறேன். தங்கள் ஊரில் பெரும்பாலான தெருவுக்குப் பேரே இல்லை. வட்டாரத்துக்கு ஒரு நம்பர், அதற்குள் மனைக்கு ஒரு நம்பர், அதற்குள் கட்டடத்துக்கு ஒரு நம்பர். அந்தக் கட்டட நம்பரும் பல இடத்தில் கட்டின வரிசைப்படியாம், நிற்கிற வரிசைப்படி இல்லையாம். மாரியம்மன் கோயில் பின்புறம், வேப்பமரத்துக்கு எதிர் வீடு, அண்ணாச்சி கடையில் கேட்டால் சொல்வார்கள் என்று விலாசம் எழுதிப் பழகிய கையால் இதை எப்படிப் புரிந்துகொள்வது? மூலைக்கு மூலை கடை இருக்கிறது. எந்தக் கடையிலும் அண்ணாச்சி இல்லை. கல்லாவில் நிற்கிற பிள்ளை குனிந்து வணக்கம் சொல்கிறதே தவிர, யாரு வீடு, எந்த ஊரு, பொண்ணு எடுத்த இடமா என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

ஷிஞ்சுகு ஸ்டேஷன் விஷயம் தனி. “நீ தண்ணி வாங்கிட்டு வாசல்ல நில்லு, நான் வந்துர்றேன்” என்று அவர் கழிப்பறைக்குப் போனார். நானும் வாங்கிக்கொண்டு ஒரு வாசலில் நின்றேன். அந்த ஸ்டேஷனுக்கு 200-க்கு மேல் வாசல் என்று பிற்பாடுதான் தெரியும். உலகத்திலேயே அதிகக் கூட்டம் புழங்குகிற ஸ்டேஷன் என்று கின்னஸில் இருப்பதும் பிற்பாடுதான். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு போன், அது அவரிடம். என் முன்னால் ஆறு போகிறது; தண்ணீருக்குப் பதில் வெள்ளைச் சட்டை. யாரும் யார்மேலும் இடிக்கவில்லை, யாரும் பேசவில்லை, செருப்புச் சத்தம் மட்டும் மழை போலக் கேட்கிறது. அழுகை வந்தது, ஆனால் அந்த ஊரில் அழுவதற்கும் எங்கேயாவது தனி இடம் வைத்திருப்பார்களோ என்று அடக்கிக்கொண்டேன்.

அப்போது கேட்டது: “ஏ... பாக்கியம்!”

மிஷின் ஓடுகிற பிரஸ்ஸில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மை டப்பா கேட்டுப் பழகிய குரல். சுவரில் மோதி இன்னொரு தடவை வந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பாமல் நடப்பதுதான் உங்கள் மரியாதை என்று நினைக்கிறேன். நான் பதிலுக்குக் கத்தினேன். அவர் கத்தினார். கத்திக் கத்தி ஒருவரையொருவர் நெருங்கினோம். தங்கள் நகரத்தில் சத்தத்தால் ஒரு குடும்பம் ஒன்றுசேர்ந்ததைப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளவும். பக்கத்தில் வந்ததும் அவர் என் கையைப் பிடித்தார். கல்யாணத்தன்று பிடித்ததற்குப் பிறகு நாலு பேர் நடமாடுகிற இடத்தில் இப்போதுதான். விடுதிக் கதவு வரைக்கும் விடவில்லை. ‘தொலைஞ்சா யாருக்குப் பதில் சொல்றது’ என்று காரணம் சொல்லிக்கொண்டார்.

கடைசிச் சனிக்கிழமை சாயந்தரம் சுமிதா ஆற்றங்கரை. பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் செத்தவர்களை நினைத்து 1733-இல் தொடங்கியது என்று சொல்லப்படுகிற வாணவேடிக்கை. ஒரே ராத்திரியில் சுமார் 20,000 குண்டுகள். இளவட்டங்கள் ஜோடி ஜோடியாகப் பூப்போட்ட பருத்தி உடுப்பும் மரச் செருப்புமாக வந்திருந்தார்கள். ஒரு பெண் என் கண்டாங்கியின் கொசுவத்தைத் தொட்டுப் பார்க்கலாமா என்று சைகையில் கேட்டாள். எத்தனை மடிப்பு என்று எண்ணிவிட்டு, பக்கத்தில் நின்ற பையனிடம் ஏதோ சொன்னாள். அவன் முகம் போன போக்கைப் பார்த்தால் விலையைப் பற்றித்தான்.

சிவகாசிக்காரன் வாணவேடிக்கை பார்ப்பதில்லை, கணக்குப் பார்ப்பான். “இது எத்தனை இஞ்சுன்னு நினைக்கிற? பச்சையப் பாரு, பேரியம். நம்மூர்ல 2018லயே கோர்ட்டுத் தடை. சரவெடிக்கும் தடை” என்று அவர் ஒவ்வொன்றுக்கும் விலைப் பட்டியல் படித்தார். தீபாவளிக்கு எங்களுக்கு அனுமதித்த நேரம் காலையில் ஒரு மணி, ராத்திரி ஒரு மணி. நாட்டின் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கைச் செய்கிற ஊர் என்று பேர். வெடிக்க இரண்டு மணி நேரம். மேலே பெரிதாக ஒன்று பூத்ததும் உங்கள் ஆள் ஒருவர் “தமாயா!” என்று கூவினார். இன்னொருவர் “காகியா!” என்றார். சாமி பேரா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். போனில் எழுதி, தமிழாக்கிக் காட்டினாள்.

இரண்டும் பழைய பட்டாசுக் கடைகளாம். காகியா 1659 முதல் இருக்கிறது, இன்றும் நடக்கிறது. தமாயா அதிலிருந்து பிரிந்த கடை. தாய்க் கடையைவிடக் கெட்டிக்காரத்தனம் என்று பேர் வாங்கியது. 1843-இல் அந்தக் கடையில் தீப்பிடித்து, பாதித் தெரு எரிந்தது. முதலாளியை ஊரைவிட்டே வெளியேற்றிவிட்டது உங்கள் அரசாங்கம். கடை அதோடு முடிந்தது. ஜனங்கள் மட்டும் இன்னும் அந்தப் பேரைக் கூவுகிறார்கள்.

ஐயா, நான் இந்த மனுவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

எங்கள் ஊரில் நடைமுறை வேறு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி வெடி ஆபீஸ் விபத்தில் செத்தவர்கள் குறைந்தது 38 பேர். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20-க்கும் மேல். நடுவிலும் அதற்குப் பிறகும் நடந்ததை எழுதினால் தபால் செலவு தாங்காது. வெடித்த மறுநாள் பேப்பரில் ‘மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு காரணமாக’ என்று வரும். நிவாரணம் அறிவிப்பார்கள், கமிட்டி உட்காரும், போர்மேன் கைதாவார். உராய்வை மட்டும் இதுவரை யாரும் கைது செய்ததில்லை. லைசென்ஸ் ஒருத்தர் பேரில், நடத்துவது குத்தகைக்காரர், அவரிடமிருந்து ஷெட் ஷெட்டாக உள்குத்தகை என்று பல இடத்தில் விசாரணையில் தெரியவரும். செத்தவர்கள் மட்டும் அவரவர் சொந்தப் பேரில் செத்திருப்பார்கள். அந்தப் பேர்களை யாரும் எந்த ஆற்றங்கரையிலும் கூவுவதில்லை.

நீங்கள் மட்டும் குறையே இல்லாதவர்கள் என்று எழுதவில்லை. 2001-இல் அகாசி ஊரில் வாணவேடிக்கை பார்க்க வந்த கூட்டம் நடைபாலத்தில் நெரிந்து 11 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். ஆனால் அதற்கு நகராட்சி அலுவலர்களும் போலீஸ் அதிகாரியும் கோர்ட்டில் நின்று தண்டனை வாங்கியிருக்கிறார்கள். கூட்டத்துக்கான பொறுப்பைக் கூட்டத்தின்மேலேயே போடாதது எங்களுக்குப் புதுசாக இருந்தது.

ஆகவே வேண்டுவது யாதெனில், 1843-இல் தமாயா முதலாளியை வெளியேற்றிப் போட்ட உத்தரவின் மெய்யொப்பமிட்ட நகல் ஒன்றை அனுப்பிவைக்கவும். எங்கள் பக்கம் முன்மாதிரி இல்லாமல் எந்த பைலும் நகராது. தமிழாக்கச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அச்சடிக்க ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ரிஜிஸ்டர் விலகாமல் தானே நின்று பார்த்துக்கொள்வதாக எங்க வீட்டுக்காரர் சொல்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் பங்காளி வீட்டுப் பெண்.

நகல்: திருவாளர் உராய்வு அவர்கள், தலைமறைவு.