இரவில் 1942, விடிந்தால் 2602

1942 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு. அன்று சிங்கப்பூரில் வெடித்தது பட்டாசு இல்லை. சாயங்காலம் புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் ஜெனரல் பெர்சிவல் ஜப்பானிய ஜெனரல் யமஷிதாவிடம் சரணாகதிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். யாராலும் நுழைய முடியாத கோட்டை என்று வெள்ளைக்காரன் பீற்றிக்கொண்ட ஊர். மலாயா நெடுகச் சைக்கிள் மிதித்து வந்தவர்களுக்கு எழுபது நாள்தான் பிடித்தது.

வந்தவர்கள் ஊருக்கு ஷோனான் என்று பேர் வைத்தார்கள். டோக்கியோ நேரம் என்று சொல்லிக் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அது போதாதென்று, ஜப்பானியக் கணக்கில் இது 2602ஆம் வருஷம் என்றார்கள். செட்டியார் கடைக் கணக்குப்பிள்ளை அந்த அறுநூற்று அறுபது வருஷத்துக்கும் வட்டி போடாமல் விட்டிருந்தால், அது அவர் பெருந்தன்மை.

ஜனங்களின் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. காவல் நிற்கும் சிப்பாய்க்குக் குனிய வேண்டும்; குனியாவிட்டால் அறை. குனிந்தவனெல்லாம் தன்னைக் கும்பிடுகிறான் என்று ஜப்பான்காரன் நினைத்துக்கொண்டான்.

சீனர்கள் என்ன நினைத்தார்கள் என்பதில் மட்டும் அவனுக்குச் சந்தேகமே இல்லை. 1937 முதல் அவனோடு போராடிய சீனாவுக்கு இவர்கள் பணம் திரட்டி அனுப்பியிருந்தார்கள். ஆண்களைப் பொறுக்கியெடுத்துக் கடற்கரையில் வைத்துச் சுட்டான். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. மிஞ்சியவர்களிடம் ஐந்து கோடி டாலர் 'அன்பளிப்பு' கேட்டான். தலைகீழாக நின்றும் 2 கோடியே 80 லட்சம்தான் தேறியது. மீதியை யோகோஹாமா ஸ்பீசி பேங்க் கடனாகக் கொடுத்தது. அதுவும் ஜப்பான் பேங்க்தான். அவன் பணத்தையே அவனிடம் கடன் வாங்கி அவனுக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு, வட்டியும் கட்ட வேண்டும். நம்மூர்க் கந்துவட்டிக்காரனுக்குக்கூட இது தோன்றியதில்லை.

மலாய்க்காரர்களிடம் அவன் முகம் கொஞ்சம் மலர்ந்தது. வெள்ளைக்காரன் சிறையில் போட்ட மலாய் தேசியவாதி இப்ராஹிம் யாக்கோப்பை வெளியே விட்டான். சில மாதத்தில் அவர் இயக்கத்துக்கே தடை போட்டான். 1943இல் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு நாலையும் தாய்லாந்துக்குத் தாரைவார்த்தான். அந்த மன்னர்களின் அபிப்பிராயத்தையும் யாரும் கேட்கவில்லை.

நம்மவர் கதை இன்னும் சிக்கல். 'வெள்ளைக்காரத் துரை ஒழிந்தான்' என்று ரப்பர் தோட்டத்தில் சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. 1943 ஜூலையில் நேதாஜி இந்திய தேசிய ராணுவத்துக்கு ஆளும் பணமும் கேட்டு வந்தார். கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள் பெண்கள். மகள் அவருடைய பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தாள். அதே தோட்டத்திலிருந்து அப்பனைச் சயாம்–பர்மா ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றிப் போனார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. அந்த வீட்டில் ஜப்பானைப் பற்றிய அபிப்பிராயம் என்ன என்று கேட்டால், எந்த வேளைக்கு என்று திருப்பிக் கேட்டிருப்பார்கள்.

கடைசியில் அரிசிக்குத் திண்டாடிய மூன்று இனத்தையும் ஒன்று சேர்த்தது மரவள்ளிக்கிழங்கு. காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, ராத்திரி காலையில் மிஞ்சிய கிழங்கு. கையில் மட்டும் கட்டுக்கட்டாக, ஜப்பான்காரன் வாழைமரம் அச்சடித்து விட்ட நோட்டு. பின்னால் வந்ததில் வரிசை எண்ணைக்கூடப் போடவில்லை.

ஜப்பான் தோற்றது; 1945 செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். தெருவெல்லாம் கூட்டம், கொடி, ஆரவாரம். எல்லாம் தன்மேல் உள்ள பாசம் என்று அவன் நினைத்துக்கொண்டான். கையோடு, வாழைமர நோட்டு செல்லாது என்று அறிவித்தான்.