வயிற்றில் கண்டன்சர் இருக்கிறதா?

ஃபீனிக்ஸ், அரிசோனா
ஆகஸ்ட், ஞாயிறு காலை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? சித்தி கொடுத்தனுப்பிய வடகம் வந்து சேர்ந்தது. காயவைக்க மொட்டை மாடி இல்லையே என்று சித்தி கவலைப்பட வேண்டாம், காரின் டேஷ்போர்டு இருக்கிறது. பக்கத்து ஊர் டெம்பியில் பல்கலைக்கழகத்துக்காரர்கள் கார்களை வெயிலில் நிறுத்தி அளந்து பார்த்து 2018-இல் வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி. நிழலில் நிறுத்தினாலே 48.

கிளம்பும்போது, "வேலூர் வெயிலையே பாத்தவன், உனக்கென்னடா" என்று தட்டிக்கொடுத்து அனுப்பினீர்கள். நம்ம ஊர்க் கத்திரி வெயிலுக்காவது காலண்டரில் முடிகிற தேதி போட்டிருப்பான். இங்கே 2023-இல் 31 நாள் ஒரு நாள் விடாமல் பகல் வெயில் 43 டிகிரியைத் தாண்டியது. ஆறுகூட நம்ம பாலாறு மாதிரிதான். சால்ட் ரிவர் என்று பெயர், ஊருக்குள் பெரும்பாலும் மணல். அதில் பாலும் இல்லை, இதில் தண்ணீரே அபூர்வம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் கடை வாசலில் நிறுத்தியிருந்த என் காரில் ஒரு பிக்அப்காரர் பின்னால் வந்து இடித்துவிட்டு, நான்தான் இடித்தேன் என்று சாதித்தார். காட்பாடியாக இருந்தால் டீக்கடையிலிருந்து பத்துப் பேர் வந்து தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள். அதில் எட்டுப் பேர் சம்பவத்தைப் பார்த்தே இருக்கமாட்டார்கள், அது வேறு. இங்கே சாட்சி சொல்ல ஒரு ஈ காக்கை இல்லை, எல்லாம் ஏசிக்குள். அன்றைக்கே டேஷ்கேம், அதாவது காரின் முன்கண்ணாடியில் ஒட்டும் கேமரா, வாங்குவது என்று முடிவெடுத்தேன். உங்கள் மருமகள் ஒதுக்கிய பட்ஜெட், எல்லாம் சேர்த்து நூறு டாலர்.

நான் நம்ம வீட்டு ரத்தம் அல்லவா, 35 டாலரில் ஒன்றை வாங்கி மிச்சம் பிடித்தேன். ரப்பர் குமிழை அழுத்திக் கண்ணாடியில் ஒட்டும் ரகம். பத்தாம் நாள் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து கதவைத் திறந்தால், ஒட்டியது கீழே விழுந்து கிடக்கிறது. எடுத்துப் பார்த்தேன். எண்ணெயில் போட்ட பூரி மாதிரி வயிறு உப்பி, திரை ஒரு பக்கம் வாயைப் பிளந்து நிற்கிறது. உள்ளே இருந்த லித்தியம் பேட்டரியின் வேலை. வெடித்துத் தொலைக்கப் போகிறதே என்று துண்டில் சுற்றித் தூக்கிப்போய் சிமெண்டுத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

அப்போதுதான் உங்கள் ஃபேன் ரிப்பேர் கடை ஞாபகம் வந்தது. "ஃபேன் சுத்தலைன்னா மொதல்ல கண்டன்சரைப் பாருடா." கேமராவும் அதே கதைதான் சித்தப்பா. ஓடுகிறபோது அது காரின் கரண்டில்தான் ஓடுகிறது. காரை அணைத்த பிறகு, கடைசியாக எடுத்த படத்தைப் பத்திரமாக மூடிவைக்கச் சில நொடி கரண்ட் போதும். அந்தச் சில நொடிக்காகச் சிலர் பேட்டரி வைக்கிறார்கள், சிலர் சூப்பர் கெப்பாசிட்டர் வைக்கிறார்கள், அதாவது நம்ம கண்டன்சரின் பெரியப்பா பிள்ளை. பேட்டரி அளவுக்குச் சூட்டுக்குப் பயப்படாது.

இரண்டாவது தடவை கடைக்காரப் பையன் ஃபோர்கே, ஜிபிஎஸ், வைஃபை என்று அடுக்கினான். "தம்பி, அதன் வயிற்றில் என்ன இருக்கிறது?" என்றேன். பாவம், பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தான். ஃபோர்கே வேண்டாம் என்றேன். படம் பெரிதானால் உள்ளே வேலை அதிகம், வேலை கூடினால் சூடும் கூடும். நம்பர் பிளேட்டு தெரிய அதைவிடச் சின்ன 1440p படமே போதும். எண்பதுக்குக் கண்டன்சர் உள்ளது கிடைத்தது. பழைய செல்போன் மெமரி கார்டைச் செருகி மிச்சம் பிடிக்கலாம் என்று கை பரபரத்தது. ஓயாமல் அழித்து அழித்து எழுதினால் அது சீக்கிரம் தேய்ந்துவிடுமாம். இதற்கென்றே ஹை எண்டூரன்ஸ் கார்டு இருக்கிறது, பதினைந்து டாலர். நிறுத்திய காரிலும் படம் பிடிக்கத் தனியாக ஒயர் இழுக்கச் சொன்னார்கள். 69 டிகிரியில் ஓய்வெடுப்பதே கஷ்டம், வேலையும் வாங்கினால் பாவம் என்று விட்டுவிட்டேன்.

இந்தத் தடவை ரப்பர் குமிழ் இல்லை, இரட்டைப் பக்க டேப். விடியற்காலையில் கண்ணாடியைத் துடைத்து, மிரருக்குப் பின்னால் ஒட்டினேன். அப்புறம் ஒரு சிக்கல். உள்ளே வெயில் மறைப்புத் தகட்டை விரித்தால் கேமரா தகட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் வேகிறது. புத்திசாலித்தனமாகத் தகட்டை வெளியே போட்டேன். அன்றைக்கே ஹபூப் என்கிற புழுதிப் புயல் வந்தது. தகடு இப்போது எந்தக் கள்ளிச்செடிக்குக் குடை பிடிக்கிறதோ.

கேமரா மட்டும் இன்றுவரை கல்லு மாதிரி இருக்கிறது. போன செவ்வாய் முன்னால் போன வெள்ளைக் கார் மஞ்சள் விளக்குக்கே ஒழுங்காக நின்றுவிட்டது. நான் நிற்கமாட்டான் என்று நம்பி வந்தவன், பிரேக்கை ஓங்கி மிதித்தேன். கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, நம்ம பஸ் ஸ்டாண்டு பாஷையில் பரம்பரையையே இழுத்துத் திட்டினேன். பதிலே இல்லை. பக்கத்து வரிசைக்கு மாறி எட்டிப் பார்த்தால் டிரைவர் சீட்டில் ஆளே இல்லை! இங்கே தானாகவே ஓடும் டாக்சிகள் நிறைய.

கேமராவில் பழைய படங்கள் தானாக அழிந்து புதியது ஏறும். ஆனால் வண்டி குலுங்கினால் விபத்து என்று நினைத்து அந்தப் படத்தை மட்டும் பூட்டி வைத்துக்கொள்ளும். ஆகவே என் நாற்பது நொடிச் சொற்பொழிவு, குரலோடு, பத்திரமாக இருக்கிறது. அழிக்க மனசு வரவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். சித்தி கோயிலுக்குப் போன பிறகு போட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்